செய்தது ஒருத்தர்... சொந்தம் இன்னொருத்தருக்கா? பிராடா செருப்பு முதல் இளையராஜா பாட்டு வரை!

நைட்டு 11 மணி. அக்கா கல்யாணத்துல நீங்க எடுத்த வீடியோவை எல்லாம் சேர்த்து, கண்ணு எரிய எரிய எடிட் பண்ணி, பின்னணியில ஒரு எண்பதுகள் பாட்டைப் போட்டு, ரீல்ஸா அப்லோடு பண்ணிட்டுத் தூங்கிட்டீங்க. காலையில எழுந்து பார்த்தா வீடியோ ஓடுது, சத்தம் மட்டும் இல்லை. 'காப்பிரைட் காரணமாக ஆடியோ நீக்கப்பட்டது'னு ஒரு மெசேஜ்.

'அட, கல்யாணத்துல பாட்டு போடுறதுல என்னப்பா தப்பு?'னு கோபம் வரும். கோபத்துல பாதி நியாயம் இருக்கு. திருமண விழாக்களில் பாட்டு ஒலிக்கவிடுவது காப்பிரைட் மீறல் ஆகாது என்று இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-வது பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. 2023 ஜூலையில் மத்திய அரசு இதற்காகத் தனியாக ஓர் அறிவிப்பே வெளியிட்டது. ஆனா, அந்த விலக்கு மண்டபத்தோட முடிஞ்சிடும். அதே பாட்டை வீடியோவோடு ஒட்டி, உலகமே பார்க்கிற மாதிரி நெட்டில் ஏற்றுவது வேற கணக்கு.

மியூட் ஆன ரீல்ஸ் சின்ன விஷயம்தான். ஆனா அதுக்குப் பின்னாடி இருக்கிற கேள்வி பெருசு. ஒரு பாட்டு, ஒரு செருப்பு, ஒரு பிளவுஸ் டிசைன், ஒரு 3 செகண்ட் வீடியோ... இதெல்லாம் யாருக்குச் சொந்தம்? 'செஞ்சவங்களுக்குத்தான்'னு நாம நினைப்போம். சட்டம் பெரும்பாலும் அப்படி நினைக்கிறதில்லை. கடந்த ரெண்டு வருஷத்துல நீங்க ஸ்க்ரோல் பண்ணும்போது பார்த்த மூணு பெரிய சண்டைகளை எடுத்துப் பார்ப்போம்.

மிலனுக்குப் போன செருப்பு

2025 ஜூன். இத்தாலியின் மிலன் நகரில் பிராடாவின் ஆண்கள் ஃபேஷன் ஷோ. மாடல்களின் காலில் இருந்தது தோல் செருப்பு. கட்டை விரலுக்கு ஒரு வளையம், பின்னல் வேலைப்பாடு, தட்டையான அடிப்பாகம். இந்தியாவில் இருந்து பார்த்தவங்க எல்லாரும் ஒரே குரல்ல சொன்னது: 'அட, இது நம்ம கோலாப்பூரி!'

ஷோவில் அதற்குக் கொடுத்த பெயர் வெறும் 'தோல் செருப்பு'. கோலாப்பூர் பற்றி ஒரு வார்த்தை இல்லை, இந்தியா பற்றியும் இல்லை. சோஷியல் மீடியா கொதித்தது. மகாராஷ்டிரா வர்த்தக சபை பிராடாவுக்குக் கடிதம் எழுதியது. சில நாள்களில் பிராடா குழுமத்தின் லோரென்சோ பெர்டெல்லியிடமிருந்து பதில் வந்தது. இந்தியாவின் பாரம்பரியக் காலணியிலிருந்துதான் அந்த டிசைன் தூண்டுதல் பெற்றது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள்.

கோலாப்பூரி செருப்புக்கு 2019-லேயே புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. மகாராஷ்டிராவில் கோலாப்பூர், சாங்லி, சத்தாரா, சோலாப்பூர். கர்நாடகாவில் பெலகாவி, தார்வாட், பாகல்கோட், விஜயபுரா என எட்டு மாவட்டங்களுக்கு உரிமை உண்டு. தாவரச் சாற்றில் பதப்படுத்திய தோல், ஆணி அடிக்காமல் கையால் தைக்கும் முறை, கையால் பின்னும் வார்கள். தலைமுறை தலைமுறையாக இதைச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சமூகங்களைச் சேர்ந்த தொழிலாளர்கள். 'தோல் வேலை செய்யறவங்க' என்று ஊரே ஒதுக்கி வைத்த கைகள் செய்த செருப்புதான் மிலன் மேடையில் நடந்தது. கோபத்துக்குப் பின்னாடி அந்த வலியும் இருந்தது.

புவிசார் குறியீடு இருக்குல்ல? அப்போ கேஸ் போட்டா ஜெயிச்சிருக்கலாமே? இங்கதான் ட்விஸ்ட்.

பேருக்குப் பூட்டு... வடிவத்துக்கு?

புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரை, அந்தப் பெயர் சொல்லும் ஊரை. எங்கேயோ ஒரு ஃபேக்டரியில் செய்த செருப்பை 'கோலாப்பூரி' என்று பெட்டியில் அச்சடித்து விற்றால், சட்டம் பிடிக்கும். அதே செருப்பை அப்படியே நகலெடுத்து, 'தோல் செருப்பு' என்று மட்டும் போட்டால்? கிட்டத்தட்ட ஒன்றும் செய்ய முடியாது.

யோசிச்சுப் பாருங்க. 'பேரைக்கூடச் சொல்லலையே'ங்கிறதுதான் எல்லாருடைய கோபமும். ஆனா, பேரைச் சொல்லாம விட்டதுதான் சட்டப்படி பிராடாவுக்குப் பாதுகாப்பாக அமைந்தது. அனுமதி இல்லாமல் 'கோலாப்பூரி' என்று எழுதி இந்தியாவில் விற்றிருந்தால்தான் சிக்கல் வந்திருக்கும். மரியாதைக்கு ஒரு நியாயம், சட்டத்துக்கு ஒரு நியாயம். ரெண்டும் நேரெதிர் திசையில் நிற்கிறது.

இன்னொரு தடையும் இருந்தது. சில வழக்கறிஞர்கள் மும்பை உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்குப் போட்டார்கள். 2025 ஜூலையில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. புவிசார் குறியீட்டைப் பதிவு செய்து வைத்திருப்பவர்கள்தான் இப்படிப்பட்ட வழக்கோடு வர வேண்டும், வெளியாள்கள் பொதுநல வழக்காகக் கொண்டுவர முடியாது என்பது அதன் சாரம். அந்தப் பதிவு யாரிடம் இருக்கிறது? லிட்காம், லிட்கர் என்ற இரண்டு மாநில அரசு தோல் தொழில் கழகங்களிடம். செருப்பு தைக்கிறவர் கையில் ஊசி இருக்கு. கேஸ் போடுற பேப்பர் வேற ஆபீஸ்ல இருக்கு.

கடைசியில் இந்தக் கதையை நகர்த்தியது நம்ம ஃபோன்தான், கோர்ட் இல்லை. 2025 டிசம்பரில் அந்த இரண்டு கழகங்களோடும் பிராடா ஒப்பந்தம் போட்டது. மகாராஷ்டிராவிலும் கர்நாடகாவிலும் 2,000 ஜோடி செருப்புகள் செய்யப்படும், ஒரு ஜோடி சுமார் 800 யூரோ, 2026 பிப்ரவரி முதல் விற்பனை, கைவினைஞர்களுக்குப் பயிற்சி என்று அறிவித்தார்கள்.

ஜெயிச்சாச்சா? பாதி ஜெயிச்சாச்சுனு சொல்லலாம். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க: 2,000 ஜோடி, தலா 800 யூரோ என்றால் மொத்தம் 16 லட்சம் யூரோ. இதில் தைத்தவர் கைக்கு எவ்வளவு? அடுத்த முறை இந்தச் செய்தி உங்க டைம்லைன்ல வந்தா, 'வாவ்' போடுறதுக்கு முன்னாடி இந்தக் கேள்வியைத் தேடுங்க.

50 தாண்டினா போச்சு!

'அது பெரிய கம்பெனி விஷயம், எனக்கென்ன?'னு நினைக்கிறீங்களா? இன்ஸ்டாவில் ஆரி ஒர்க் பிளவுஸ், பிளாக் பிரின்ட் குர்தி, டிசைனர் டீ-ஷர்ட் விற்கிற ஃப்ரெண்ட் ஒருத்தராவது உங்களுக்கு இருப்பாங்க. அவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.

நீங்க பேப்பரில் வரைகிற ஒரு ஓவியத்துக்கு, வரைந்த நொடியிலேயே காப்பிரைட் உண்டு. பதிவு செய்யணும்னு கட்டாயம் இல்லை. ஆனா, டிசைன் சட்டப்படி பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவமைப்பைப் பதிவு செய்யாமலே துணியில் ஏற்றி உற்பத்தி செய்தால் கதை மாறும். அந்தப் பொருள் 50-க்கு மேல் தயாரான உடனே, அந்த டிசைன் மீதான காப்பிரைட் காலி. பதிப்புரிமைச் சட்டம் 15(2) பிரிவு சொல்வது இதைத்தான்.

2016-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் இது பெரிய வழக்காகவே வந்தது. பிரபல டிசைனர் ரிது குமாரின் நிறுவனமான ரித்திகா, 'எங்க டிசைனை எடுத்துக்கிட்டாங்க' என்று பிபா நிறுவனத்தின் மீது வழக்குப் போட்டது. காப்பிரைட்டை நம்பித்தான் அந்த வழக்கு. ஆனா டிசைன்கள் பதிவு செய்யப்படவில்லை, உடைகளோ 50-க்கு மேல் தயாராகிவிட்டன. வழக்கு நிற்கவில்லை. இந்திய ஃபேஷனில் இவ்வளவு பெரிய பெயருக்கே இந்த நிலைமை என்றால், ஒரு சின்ன பொட்டிக் என்ன ஆகும்?

'சரி, அப்போ பதிவு பண்ணிடலாம்' என்றால் அங்கேயும் ஒரு பள்ளம். டிசைன் பதிவுக்கு அது புதுசாக இருக்க வேண்டும். ஏற்கெனவே வெளியே காட்டிவிட்ட டிசைன், புதுசு இல்லை. அதாவது, 'எப்படி இருக்கு மக்களே?' என்று இன்ஸ்டாவில் முதலில் போஸ்ட் போட்டுவிட்டு, லைக் எல்லாம் வந்த பிறகு பதிவுக்குப் போனால், உங்க போஸ்ட்டே உங்களுக்கு எதிரி. முதலில் விண்ணப்பம், அப்புறம்தான் ரீல்ஸ். ஒழுங்காகப் பதிவு செய்தால் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5 வருஷம் உங்களுக்கு உரிமை.

பெரிய பிராண்டுகளுக்கு இந்த ஓட்டை எல்லாம் அத்துப்படி. அதனாலதான் அவங்க டிசைனை விட்டுட்டு, அடையாளத்தைப் பிடிச்சுக்கிறாங்க. லோகோ, கோடு, நிறம்! கிறிஸ்டியன் லூபுட்டான் காலணிகளின் சிவப்பு அடிப்பாகம் தெரியும்தானே? 2012-ல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தச் சிவப்பை ஒரு வர்த்தக முத்திரையாக ஏற்றுக்கொண்டது. மேல்பகுதி வேறு நிறத்தில் இருக்கும்போது மட்டும்தான் அது செல்லும் என்று ஒரு கண்டிஷனும் போட்டது. முழுக்கச் சிவப்பான ஷூ செய்த ஈவ் செயின்ட் லாரன்ட் அதனால் தப்பித்தது. ஒரு நிறத்துக்கே பூட்டுப் போட வக்கீலும் பணமும் இருக்கிறவங்களால முடியும். தலைமுறை தலைமுறையாக வந்த ஒரு பின்னலுக்கு, பூட்டு எங்கே கிடைக்கும்னுகூடத் தெரியாது. இந்தச் சட்டத்தின் உண்மையான பாரபட்சம் அங்கேதான் இருக்கு.

ராஜா பாட்டு... யார் கிட்ட கேட்கணும்?

இப்போ சினிமாவுக்கு வருவோம். 2025 ஏப்ரலில் வந்தது அஜித்தின் 'குட் பேட் அக்லி'. அதில் 'ஒத்த ரூபாயும் தாரேன்', 'இளமை இதோ இதோ', 'என் ஜோடி மஞ்சக் குருவி' பாட்டுகள் வந்தபோது தியேட்டரே ஆடியது. கொஞ்ச நாளில் இளையராஜா தரப்பிலிருந்து நோட்டீஸ். செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பாட்டுகளைப் பயன்படுத்த இடைக்காலத் தடை விதித்தது. அதற்கு முந்தின வருஷம் 'மஞ்ஞும்மல் பாய்ஸ்', 'குணா' குகைப் பாட்டுக்காக நோட்டீஸ் வாங்கியது. 2025 கடைசியில் 'கருத்த மச்சான்' பாட்டுக்காக 'டியூட்' படமும் கோர்ட் படியேறி, கடைசியில் சமரசம் ஆனது.

ஒவ்வொரு முறையும் நம்ம டைம்லைன் ரெண்டா பிரியும். 'காசு வாங்கிட்டுதானே போட்டாரு, இப்ப என்ன?'னு ஒரு டீம். 'அவர் போட்ட பாட்டு, அவருக்குச் சொந்தமில்லையா?'னு இன்னொரு டீம். மீம்ஸ் ரெண்டு பக்கமும் பறக்கும். உண்மையில் பிரச்னை இந்த ரெண்டு வரியில் அடங்காது.

ஒரு பாட்டுன்னா அது ஒரே பொருள் இல்லை. ட்யூன் தனி, வரிகள் தனி, ஸ்டுடியோவில் பதிவான ஒலிப்பதிவு தனி. மூன்றுக்கும் தனித்தனி உரிமை. 1977-ல் உச்ச நீதிமன்றம், 'சினிமாவுக்காகத் தயாரிப்பாளர் காசு கொடுத்துப் போடச் சொன்ன இசைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில் தயாரிப்பாளரே முதல் உரிமையாளர்' என்று தீர்ப்பு சொன்னது. எழுபதுகள், எண்பதுகள், தொண்ணூறுகள் முழுக்க இந்திய சினிமா இந்த நிழலில்தான் ஓடியது. தயாரிப்பாளர் ஆடியோ கம்பெனிக்கு விற்பார், அந்தக் கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்கும். நடுவில் கேசட் போய் சிடி வந்து, சிடி போய் ஸ்ட்ரீமிங் வந்தது. கேசட் காலத்தில் போட்ட ஒரு பேப்பரில் ஸ்பாட்டிஃபை பற்றி யார் எழுதியிருப்பார்?

அதனாலதான் இன்றைய படக் கம்பெனிகள், 'நாங்க ஆடியோ கம்பெனிகிட்ட முறைப்படி அனுமதி வாங்கிட்டோம்' என்று சொல்கின்றன. அது பொய் இல்லை. இளையராஜா தரப்பு, 'என் அனுமதி இல்லாமல், அதுவும் மாற்றி அமைத்து எப்படிப் பயன்படுத்தலாம்?' என்று கேட்கிறது. அதுவும் வெறும் வீம்பு இல்லை. ஏன்னா, சட்டத்தின் 57-வது பிரிவில் 'தார்மிக உரிமை' என்று ஒன்று இருக்கிறது. படைப்பை விற்றுவிட்டாலும், 'இதைப் படைத்தது நான்' என்று சொல்லும் உரிமையும், தன் பெயருக்குக் களங்கம் வருகிற மாதிரி அதைச் சிதைத்தால் தடுக்கும் உரிமையும் படைத்தவரிடமே இருக்கும். எந்த ரீமிக்ஸ் ரசனை, எது சிதைப்பு என்பதைத்தான் கோர்ட் பார்க்க வேண்டியிருக்கிறது.

2012-ல் சட்டம் மாறியது. பாடலாசிரியர் ஜாவேத் அக்தர் போன்றவர்கள் வருஷக்கணக்கில் குரல் கொடுத்ததன் பலன் அது. தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவதைத் தவிர, மற்ற எல்லாப் பயன்பாட்டிலும் வருகிற ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் சம பங்கு உண்டு. முக்கியமா, 'எனக்கு அந்தப் பங்கு வேண்டாம்' என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது! வாய்ப்புக்காக எதில் வேணும்னாலும் கையெழுத்துப் போடும் ஒரு புதுமுகத்துக்கு, சட்டமே பக்கத்தில் நின்று 'இதை மட்டும் விட்டுக் கொடுக்காதே' என்று சொல்கிற மாதிரி.

இந்த வழக்குகளை 'வயசான காலத்துல எதுக்கு இதெல்லாம்?' என்று கடந்து போகாதீங்க. இளையராஜாவுக்கு வக்கீல் வைக்க வசதி இருக்கு. அவர் காலத்தில் எழுதி, வாசித்து, காசு பார்க்காமல் போன எத்தனையோ கலைஞர்களுக்கு அது இல்லை.

3 செகண்ட்... 10 கோடி

2024 நவம்பர். நயன்தாராவின் வாழ்க்கையைச் சொல்லும் நெட்ஃப்ளிக்ஸ் ஆவணப்படம் வெளியாக இரண்டே நாள் இருந்தபோது, அவர் ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். தனுஷின் வுண்டர்பார் நிறுவனம் தயாரித்த 'நானும் ரௌடிதான்' படப்பிடிப்பில் எடுத்த, 3 விநாடி ஓடும் வீடியோவுக்காக 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்திருப்பதாக அதில் சொன்னார். படக்குழுவினர் தங்கள் சொந்த ஃபோன், கேமராவில் எடுத்த காட்சிதான் அது என்பது அவர் தரப்பு. படப்பிடிப்பில் எடுத்த காட்சியும் படத்தைச் சேர்ந்ததே என்பது தயாரிப்பு நிறுவனத்தின் தரப்பு. வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. 2025 ஜனவரியில், வழக்கை ஆரம்பத்திலேயே நிராகரிக்கக் கேட்ட நெட்ஃப்ளிக்ஸ் தரப்பின் மனுவை நீதிமன்றம் ஏற்கவில்லை.

யார் பக்கம் நியாயம் என்பதைக் கோர்ட் பார்த்துக்கொள்ளட்டும். நமக்கு இதில் ரெண்டு விஷயம் முக்கியம்.

ஒண்ணு: நம்ம சட்டத்தின் கண்ணில், ஒரு சினிமாவின் 'படைப்பாளி' யார் தெரியுமா? இயக்குநர் இல்லை, நடிகர் இல்லை. தயாரிப்பாளர்! அந்தப் படத்தில்தான் விக்னேஷ் சிவனும் நயன்தாராவும் காதலில் விழுந்தாங்க. அவங்க காதல் அவங்களுக்குச் சொந்தம். அது நடந்த இடத்தில் எடுத்த காட்சி யாருக்குச் சொந்தம் என்பதுதான் வழக்கு.

ரெண்டு: '3 செகண்ட்தானே?' என்ற வாதம். '7 செகண்டுக்குள்ள இருந்தா பிரச்னை இல்லை', '30 செகண்ட் வரைக்கும் யூஸ் பண்ணலாம்'னு யூடியூபர்கள் மத்தியில் ஒரு நம்பிக்கை பல வருஷமா சுத்துது. அப்படி ஒரு செகண்ட் கணக்கு இந்தியச் சட்டத்தில் எங்கேயும் இல்லை. விமர்சனம், செய்தி, தனிப்பட்ட பயன்பாடு மாதிரி சில நியாயமான காரணங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. எதுக்காக எடுத்தீங்க, எவ்வளவு எடுத்தீங்க என்பதைப் பார்ப்பாங்க, ஸ்டாப் வாட்ச்சை இல்லை. 'கிரெடிட் உரியவருக்கே'னு கீழே எழுதுறதும் பூட்டை உடைச்சுட்டு நன்றி சொல்ற மாதிரிதான்.

அப்போ காப்பி அடிக்கவே கூடாதா?

இந்தக் கேள்வியையும் நேர்மையா பார்க்கணும். எல்லாத்துக்கும் பூட்டுப் போட்டா ஃபேஷனே செத்துப்போகும். சுடிதாருக்கோ, ஜீன்ஸுக்கோ, பஃப் கைக்கோ யாராவது ஒருத்தர் நிரந்தர உரிமை வாங்கியிருந்தால், நாம இன்னிக்கு எதைப் போட்டிருப்போம்? சினிமாவில் பார்த்த புடவையை அடுத்த தீபாவளிக்கு தி.நகரில் பாதி விலைக்கு வாங்கித்தானே நம்ம அம்மாக்கள் வளர்ந்தாங்க? நாட்டுப்புற மெட்டு ஒன்று யாருக்கும் சொந்தமில்லாமல் இருந்ததால்தான் அது இத்தனை பாட்டுகளாக முளைத்தது.

அதனால, 'நகல் தப்பா, சரியா?' என்று கேட்பதில் பலன் இல்லை. நகலில் கிடைக்கிற காசும் பெயரும் எந்தப் பக்கம் ஓடுகிறது? கேட்க வேண்டியது அதுதான். கீழே இருக்கிறவர் மேலே பார்த்து நகலெடுத்தால் 'ஃபர்ஸ்ட் காப்பி', ரெய்டு, பறிமுதல். மேலே இருக்கிறவர் கீழே பார்த்து எடுத்தால் 'இன்ஸ்பிரேஷன்'. ஒரே வேலைக்கு ரெண்டு பேரு.

இதை மிலனில் மட்டும் தேட வேண்டாம். மதுரை சுங்குடிக்கு 2005-லேயே புவிசார் குறியீடு உண்டு. உண்மையான சுங்குடியில் ஒவ்வொரு புள்ளியும் விரலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி எடுத்தது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள், நாள்கணக்கில் வேலை. இன்னிக்கு கடையில் 'சுங்குடி' என்று வாங்குவதில் பெரும்பகுதி அச்சடித்த புள்ளி. பிராடாவைத் திட்டி ஸ்டோரி போட்ட அதே விரலால், 'சுங்குடி சாரி, ஃப்ரீ ஷிப்பிங்'னு அச்சுப் புடவையை ஆர்டர் போட்டிருந்தா, அந்தக் கதையில் நாமும் ஒரு கேரக்டர்தான். காஞ்சிபுரம் பட்டுக்கும் இதே கதி. 'பட்டு மாதிரி' இருப்பதை 'காஞ்சிபுரம்' என்று விற்கிறவரைக் கேட்க வேண்டிய முதல் ஆள், வாங்குகிற நாமதான்.

உங்க கையில இருக்கிறது என்ன?

எடிட் பண்றீங்க, ட்யூன் போடுறீங்க, குறும்படம் எடுக்குறீங்க, டிசைன் செய்றீங்க. நாளைக்கு இந்த வழக்குகளில் உங்க பேர் வராமல் இருக்க, சின்னதா சில விஷயங்கள்:

*கையெழுத்துக்கு முன் ரெண்டு வரி தேடுங்க.* உரிமை எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளுக்கு என்று எழுதியிருக்கா? எழுதலைன்னா, சட்டப்படி காலம் 5 வருஷம், இடம் இந்தியா மட்டும். 'உலகம் முழுக்க, நிரந்தரமாக' என்று இருந்தால், அதற்கேற்ற விலை கேளுங்க.

*வாய்ப்பேச்சு போதாது.* உரிமையை மாற்றிக் கொடுப்பது எழுத்தில், கையெழுத்தோடு இருந்தால்தான் செல்லும். 'அண்ணன் பார்த்துப்பாரு' என்பது ஒப்பந்தம் இல்லை.

*சம்பளமா, ஃப்ரீலான்ஸா?* கம்பெனியில் வேலைக்கு இருந்து, அந்த வேலைக்காகச் செய்தது பொதுவாகக் கம்பெனிக்கே சொந்தம். ஃப்ரீலான்ஸராக நீங்க எழுதின கதைக்கு, வேறு ஒப்பந்தம் இல்லைன்னா, நீங்கதான் உரிமையாளர். ஆனா போட்டோவும் வீடியோவும் விதிவிலக்கு. காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமை. ஆமா, உங்க கல்யாண ஆல்பம், ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாதவரை, உங்களுடையது!

*டிசைன்னா, போஸ்ட்டுக்கு முன்னாடி பதிவு.* ஹிட் ஆகும்னு நம்புற ஒண்ணு ரெண்டு டிசைனையாவது முதலில் பதிவு பண்ணுங்க. வரைந்த தேதியோடு ஃபைல்களைப் பத்திரமா வைங்க.

*ரீல்ஸுக்கு ஆப் கொடுக்கிற மியூசிக் லைப்ரரி.* பர்சனல் அக்கவுன்ட்டுக்குக் கிடைக்கிற எல்லாப் பாட்டும் பிசினஸ் அக்கவுன்ட்டுக்குக் கிடைக்காது. கடை விளம்பரத்துக்கு ராஜா பாட்டு போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க.

*வாங்கும்போது கேளுங்க.* 'இது கைத்தறியா, விசைத்தறியா? முடிச்சா, அச்சா?' அச்சுப் புடவை வாங்குறது தப்பில்லை. அச்சுன்னு தெரிஞ்சு, அச்சு விலைக்கு வாங்குங்க.

மறுபடியும் அந்த மியூட் ஆன ரீல்ஸுக்கு வருவோம். கோபப்படுங்க, தப்பில்லை. ஆனா கோபத்தோட ஒரு நிமிஷம், அந்தப் பாட்டுக்கு வயலின் வாசிச்ச பேர் தெரியாத யாரோ ஒருத்தரையும், கோலாப்பூரில் இன்னிக்கும் குனிஞ்சு உட்கார்ந்து தோலைத் தைக்கிற யாரோ ஒருத்தரையும் நினைச்சுப் பாருங்க. அவங்க வேலை உலகம் முழுக்கச் சுத்துது. அவங்க பேரு மட்டும் ரொம்ப வருஷமா மியூட்ல இருக்கு.

உங்க ஊரில் அப்படி மியூட்டில் இருக்கிற கைவேலை எது? அதைச் செய்றவங்க பேரு உங்களுக்குத் தெரியுமா?